சுற்றுச்சூழல் நீதி ஸ்காலர்ஷிப்புக்கு கஷ்டக் கதை கட்டாயமா?

2023 அக்டோபர் 9

கேள்வி இது: “யுனிவர்சிட்டில சுற்றுச்சூழல் நீதி ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு போட்டிருக்காங்க. எஸ்ஸே கேக்குறாங்க. எங்க வீட்டு பக்கத்துல ஆலையும் இல்ல, குப்பைமேடும் இல்ல, யாருக்கும் நோயும் இல்ல. கஷ்டக் கதை இல்லாம அப்ளை பண்ணா கிடைக்குமா? கிடைச்சா நாலு வருஷமும் தானா வந்துடுமா? மார்க் சுமார்தான்.”

தம்பி, ரெண்டாவது கேள்விய முதல்ல முடிச்சிடுறேன். தானா வராது. நான் இதே மாதிரி ஒண்ணுல மூணாவது வருஷம் ஓட்டிட்டு இருக்கேன், வாங்குறதுக்கு பட்ட பாட்டை விட அத கையில வெச்சிருக்க பட்ட பாடுதான் அதிகம். அத அப்புறம் சொல்றேன்.

முதல் கேள்விக்கு: என்கிட்ட கஷ்டக் கதை இருந்துச்சு. வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி குப்பைக் கிடங்கு, மாசத்துக்கு ஒருவாட்டி யாராச்சும் கொளுத்துவாங்க இல்ல தானா பத்திக்கும், ஜன்னல மூடிட்டு உக்காந்திருப்போம். அத எழுதினேன். கிடைச்சுது. அதனால கதை இருந்தா கிடைக்கும்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். இப்ப அந்த நம்பிக்கை இல்ல.

2023 அக்டோபர் 9, ராத்திரி

மேல எழுதுனது அரைகுறையா இருக்கு. இந்த ஸ்காலர்ஷிப்போட பேர்ல “நீதி”னு ஒரு வார்த்தை இருக்குல்ல, அத படிக்காமத்தான் பாதிப் பேர் அப்ளை பண்றாங்க. மரம் நடுறது, பிளாஸ்டிக் வேணாம்ங்கிறது எல்லாம் நல்லதுதான், அதுக்கு வேற ஸ்காலர்ஷிப் இருக்கு. இங்க கேக்குறது, அழுக்கு யார் வீட்டு வாசல்ல போய் விழுது, ஏன் அங்கயே விழுது, அத முடிவு பண்ணப்ப அந்த வீட்டுக்காரன யாராச்சும் கேட்டாங்களா.

ஒரு வரலாறு தெரிஞ்சுக்கோ, எஸ்ஸேல அப்படியே கொட்டுறதுக்கு இல்ல, நீ எங்க நிக்கிறன்னு புரியறதுக்கு. 1978ல அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல பிசிபிங்கிற நஞ்சு ரசாயனம் கலந்த எண்ணெய ராத்திரியில ரோட்டோரமா நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு ஊத்திட்டுப் போயிட்டாங்க. அந்த நஞ்சு மண்ண அள்ளி எங்கயாச்சும் புதைக்கணும். வாரன் கவுண்டின்னு ஏழைக் கறுப்பின மக்கள் அதிகமா இருக்கிற இடத்த அரசாங்கம் தேர்ந்தெடுத்துச்சு. 1982ல லாரி வர்றப்ப ஜனங்க ரோட்ல படுத்தாங்க, 500 பேருக்கு மேல கைதானாங்க. கிடங்கு வந்துடுச்சு, தடுக்க முடியல. ஆனா அதுக்கப்புறம்தான் அரசாங்கமே 1987ல ஒரு அறிக்கை போட்டு நஞ்சுக் கிடங்குக்கும் இனத்துக்கும் தொடர்பு இருக்குன்னு சொல்லுச்சு.

2023 அக்டோபர் 11

தப்பு. மேல 1987னு எழுதினதுல ரெண்டு அறிக்கைய ஒண்ணா குழப்பிட்டேன். அரசாங்கத் தணிக்கை அமைப்பு போட்டது 1983ல, அது அமெரிக்காவோட தென்கிழக்குல இருந்த 4 பெரிய நஞ்சுக் கிடங்க மட்டும் பாத்துச்சு, அதுல 3 கறுப்பின மக்கள் பெரும்பான்மையா இருந்த இடத்துல இருந்துச்சு. 1987ல வந்தது ஒரு சர்ச் அமைப்போட இனநீதிக் கமிஷன் போட்டது, அது நாடு முழுக்க பாத்து, அவங்க எடுத்துப் பாத்த காரணங்கள்லயே இனம்தான் எல்லாத்தையும் விட வலுவா ஒத்துப் போகுதுன்னு சொல்லுச்சு, வருமானத்த விடவும். இத நான் இன்டர்வியூலயும் மாத்தித்தான் சொன்னேன், எதிர்ல இருந்த பேராசிரியை மூக்குக் கண்ணாடிய கழட்டி வெச்சாங்க. அப்பயே தெரிஞ்சிருக்கணும்.

2023 அக்டோபர் 12

தம்பின்னு கூப்பிட்டதுக்கு மன்னிச்சிடு தங்கச்சி. “மார்க் சுமார்தான்”னு இவ்ளோ கூலா சொன்னா பையன்னுதான் நெனச்சேன், என் புத்தி அப்படி. நானும் அக்காதான், அண்ணா இல்ல, கீழ ரெண்டு பேரு அண்ணான்னே கூப்பிட்டுட்டு இருக்கீங்க.

2023 அக்டோபர் 20

ரெகமண்டேஷன் லெட்டர் பத்தி. பெரிய ஆள்கிட்ட வாங்குறதா தெரிஞ்ச ஆள்கிட்ட வாங்குறதான்னா, தெரிஞ்ச ஆள். எனக்கு ஒரு லெட்டர் துறைத் தலைவர் குடுத்தாரு, நான் நல்ல பொண்ணு, ஒழுங்கா கிளாஸுக்கு வருவேன்னு இருந்துச்சாம். இன்னொன்னு எங்க பக்கத்துல ராத்திரி டியூஷன் எடுக்குற அமைப்ப நடத்துறவங்க குடுத்தது, அதுல நான் எந்த நாள் வந்தேன், எந்தக் கூட்டத்துல என்ன குறிப்பெடுத்தேன்னு இருந்துச்சு. பின்னாடி கேட்டப்ப கமிட்டில ஒருத்தர் ரெண்டாவது லெட்டர்தான் ஞாபகம் இருக்குன்னாரு.

கேக்குறப்ப மூணு வாரம் முன்னாடியே கேளு, கூடவே அரைப் பக்கத்துல நீ என்ன பண்ணேன்னு எழுதிக் குடு. ஆளுங்களுக்கு மறந்துடும், மறந்தவங்க “ஒழுக்கமான மாணவி”ன்னு எழுதிடுவாங்க.

2023 நவம்பர் 3

டிராஃப்ட் அனுப்பியிருந்த, படிச்சேன். கோவப்படாத. “இயற்கை நம் தாய்”னு ஆரம்பிக்குது. எடுத்துடு. ரெண்டாவது பாரா உலகம் சூடாகுது, மூணாவது பாரா நாம எல்லாரும் சேந்து காப்பாத்தணும். இந்த “நாம எல்லாரும்”ல தான் பிரச்சனையே. எல்லாருக்கும் ஒரே அளவு அடி விழுந்தா அதுக்கு நீதின்னு பேர் வெச்சிருக்க மாட்டாங்களே.

இந்தத் துறைல மூணா பிரிச்சு யோசிப்பாங்க. ஒண்ணு பங்கீடு, நல்லது கெட்டது யாருக்கு எவ்வளவு போகுதுங்கிறது. ரெண்டு முடிவெடுக்கிற முறை, யார கேட்டாங்க, யாருக்குத் தகவல் குடுத்தாங்க, எந்த மொழியில குடுத்தாங்க, கூட்டத்த வேலை நேரத்துல வெச்சாங்களா. மூணு அங்கீகாரம், அந்த மக்கள அறிவுள்ள ஆளா மதிச்சாங்களா இல்ல புகார்க்காரங்கன்னு ஒதுக்கிட்டாங்களா. பெரும்பாலான எஸ்ஸே முதல் ஒண்ணோட நின்னுடும். என்னோடதும் நின்னுச்சு.

உன்கிட்ட கஷ்டக் கதை இல்லன்ன. சரி, உங்க வீட்டுக் குப்பை எங்க போகுதுன்னு பாத்தியா? உங்க வீட்டு பக்கத்துல ஆலை இல்லன்னா அது வேற யார் வீட்டு பக்கத்துலயோ இருக்கு. உன் வீடு சுத்தமா இருக்கிறதுக்கு யார் விலை குடுக்குறாங்கன்னு தேடிப்போய் எழுதினா அத விட நேர்மையான எஸ்ஸே கிடையாது. போய்ப் பாத்துட்டு எழுது ஆனா, இங்க உக்காந்துட்டு கற்பனை பண்ணாத.

2023 நவம்பர் 4

நேத்து சொன்னதுக்கு ஒரு உதாரணம். வாரன் கவுண்டிக்கு முன்னாடியே 1979ல அமெரிக்காவோட ஹூஸ்டன் நகரத்துல ஒரு கேஸ். கறுப்பின நடுத்தரக் குடும்பங்க இருக்கிற பகுதியில குப்பைக் கிடங்கு வருது, வக்கீல் லிண்டா மெக்கீவர் புல்லார்ட், அவங்க வீட்டுக்காரர் ராபர்ட் புல்லார்ட் சமூகவியல் பேராசிரியர். அவர் மாணவர்கள கூட்டிட்டு எண்ண ஆரம்பிச்சாரு, அவ்வளவுதான், எண்ணினாரு. நகராட்சி நடத்தின குப்பைமேடு 5, அஞ்சும் கறுப்பினப் பகுதியில. நகராட்சி எரியுலை 8ல 6. தனியார் குப்பைமேடு 4ல 3. அப்ப அந்த நகரத்து ஜனத்தொகையில கறுப்பின மக்கள் நாலுல ஒரு பங்குதான். கேஸ் தோத்துப் போச்சு, கிடங்கும் வந்துடுச்சு, ஆனா அந்த எண்ணிக்கைய யாராலயும் அழிக்க முடியல. இந்தத் துறையோட தந்தைன்னு இன்னிக்கு அவரத்தான் சொல்றாங்க.

உனக்கு சோகம் தேவையில்ல தங்கச்சி. ஒரு மேப், ஒரு பென்சில், ஒரு வாரம் லீவு போதும்.

2023 நவம்பர் 5

“அக்கா உங்களுக்கு ஏற்கனவே கதை இருக்கிறதால ஈஸியா சொல்றீங்க”ன்னு ஒருத்தர் போட்டிருக்கீங்க. இருக்கலாம். யோசிச்சுட்டு வர்றேன்.

2023 நவம்பர் 19

நடுவுல பணம் பத்தி ஒண்ணு, ஏன்னா இத யாரும் சொல்றதில்ல. வெளி ஸ்காலர்ஷிப் கிடைச்சதும் யுனிவர்சிட்டி ஏற்கனவே குடுத்துட்டு இருக்கிற உதவித்தொகைய குறைக்கலாம், உனக்குத் தேவை இவ்வளவுதான், வெளிய இருந்து வந்தா நாங்க குடுக்கிறதுல குறைச்சுக்குறோம்ங்கிற கணக்கு. நான் ஸ்காலர்ஷிப் வந்த சந்தோஷத்துல வீட்டுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிட்டு மறுவாரம் அக்கவுன்ட்ட பாத்தா மொத்தத் தொகை கிட்டத்தட்ட பழையபடியே இருக்கு. அழுகையா வந்துச்சு. அப்புறம் ஒரு சீனியர் சொல்லிக் குடுத்தாங்க, உதவித்தொகை ஆபீஸுக்குப் போய் “குறைக்கிறதா இருந்தா முதல்ல கடன்ல குறைங்க, இனாமா வர்றதுல கை வைக்காதீங்க”ன்னு எழுதிக் கேளுன்னு. கேட்டேன், பாதி ஒத்துக்கிட்டாங்க. கேக்காம இருந்திருந்தா அதுவும் இல்ல.

அப்ளை பண்றப்பவே ரெண்டு மெயில் போடு. ஒண்ணு ஸ்காலர்ஷிப் குடுக்கிறவங்களுக்கு: இது வேற உதவியோட சேத்து வாங்கலாமா? இன்னொன்னு உங்க ஆபீஸுக்கு: இது வந்தா எத குறைப்பீங்க? பதில சேவ் பண்ணி வை.

ஸ்காலர்ஷிப்புக்கு வரி உண்டான்னு கேட்டவருக்கு: அமெரிக்காவுல ஃபீஸுக்கும் பாடப் புத்தகத்துக்கும் போறதுக்கு வரி இல்ல, தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் போற பங்கு வருமானமா கணக்காகும். நீங்க எந்த நாடோ அங்க பாத்துக்கோங்க.

2023 டிசம்பர் 14

டெட்லைன் நாளைக்கு ராத்திரின்னு தெரிஞ்சும் இன்னும் ஏத்தலன்னு சொல்றவங்களுக்கு: இப்ப ஏத்துங்க. கடைசி மணி நேரத்துல போர்ட்டல் சுத்திட்டே இருக்கும். அப்புறம் டெட்லைன் எந்த நாட்டு நேரம்னு பாருங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தி ஒன்பது மணி நேர வித்தியாசத்துல கோட்ட விட்டா, இன்னிக்கு வரைக்கும் அவ முன்னாடி நாங்க யாரும் கடிகாரம் பத்திப் பேசுறதில்ல.

2024 பிப்ரவரி 18

இந்த வருஷம் எங்க புரோகிராம்ல சீனியர் ஸ்காலர்கள எஸ்ஸே படிக்க உக்கார வெச்சாங்க, பேரெல்லாம் மறைச்சுதான். எனக்கு 31 எஸ்ஸே வந்துச்சு. படிச்சு முடிச்சு மூணு நாள் ஆச்சு, இன்னும் தலை கனக்குது.

யாரோட விஷயத்தையும் இங்க சொல்ல மாட்டேன், பொதுவா ரெண்டு சொல்றேன். வலி இருக்கு, நிஜமான வலி, படிச்சுட்டு எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தேன். ஆனா மார்க் போடுற தாள்ல வலிக்குன்னு கட்டமே இல்ல. என்ன புரிஞ்சுக்கிட்டாங்க, யாரோட சேந்து என்ன செஞ்சாங்க, இனிமே என்ன பண்ணப் போறாங்க, இவ்வளவுதான் கட்டம். அப்ப ஒண்ணு ரெண்டு எஸ்ஸே, கஷ்டம் ஒரே வரிதான், மிச்சமெல்லாம் தண்ணி பரிசோதனை ரிப்போர்ட் கேட்டு தகவல் மனு போட்டது, பதில் வராதது, மறுபடி போட்டதுன்னு சலிப்பா எழுதியிருந்தது. அதுக்குத்தான் எல்லாரும் மேல போட்டோம்.

இன்னொன்னு. சிலர் தன் காயத்த பெருசு பண்ணி எழுதுறது தெரியுது. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், வாசல்ல நிக்கிறவன் எப்படி அழுதா கதவு திறக்கும்னு பழகினது யார் தப்பு? நானும் பழகினவதான். அத பத்தி ஒருநாள் எழுதுறேன்.

2024 ஏப்ரல் 6

தங்கச்சிக்கு முதல்ல வெயிட்டிங் லிஸ்ட், நேத்து கிடைச்சிடுச்சாம்! மேப் போட்டு எண்ணி எழுதினாளாம், பென்சில் சகிதம். மார்க் சுமார்ங்கிறது உண்மைதானாம், யாரும் கேக்கலையாம்.

இப்ப கொண்டாட்டத்த நிறுத்திட்டு அவார்ட் லெட்டரோட ரெண்டாவது பக்கத்த எடு. முதல் பக்கம் வாழ்த்து, அத வீட்ல குடு ஃபிரேம் போட. ரெண்டாவது பக்கத்துலதான் வில்லங்கம். குறைஞ்ச ஜிபிஏ, அதான் மார்க் சராசரி, எவ்வளவு, ஒரு செமஸ்டர் கணக்கா மொத்தமா சேத்தா. எத்தன கிரெடிட் எடுத்தா முழு நேர மாணவி. சமூக வேலை எத்தன மணி நேரம், யார் கையெழுத்து. புதுப்பிக்க ஃபார்ம் நீயா போடணுமா. மேஜர் மாத்தினா என்னாகும். உடம்பு சரியில்லாம ஒரு செமஸ்டர் லீவு எடுத்தா பணம் காத்திருக்குமா, போயிடுமா. இதுல எதுக்கு பதில் அந்தத் தாள்ல இல்லையோ அத இப்பயே மெயில்ல கேளு, போன்ல கேட்டது காத்தோட போயிடும்.

2024 ஏப்ரல் 7

எப்படி இவ்வளவு கரெக்டா லிஸ்ட் போட்டீங்கன்னு கேட்டா… சரி சொல்லிடுறேன், வெட்கமாத்தான் இருக்கு.

ரெண்டாவது வருஷம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் புடிபடல. ஃபெயில் ஆனா ஜிபிஏ 3க்கு கீழ போயிடும், ஸ்காலர்ஷிப் போயிடும்னு பயந்து, புத்திசாலித்தனமா அந்த கோர்ஸ விட்டுட்டேன். விட்டா மார்க் ஷீட்ல கோர்ஸ விட்டுட்டான்னு ஒரு டபிள்யூதானே வரும், ஜிபிஏ தப்பிச்சுது. ஆனா 14 கிரெடிட் 11 ஆயிடுச்சு, முழு நேரத்துக்கு 12 வேணும். ஜிபிஏவ காப்பாத்தப் போய் இன்னொரு கால்ல வெட்டிக்கிட்டேன். மெயில் வந்தப்ப கைகால் நடுங்குச்சு, “தகுதி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது”ன்னு ஒரே வரி.

அந்த ஆபீஸ்ல நாலு நாள் நாலு பேரு நாலு பதில். ஒருத்தர் முடிஞ்சுதுன்னாரு, ஒருத்தர் அப்பீல் இருக்குன்னாரு, ஒருத்தர் அப்பீல் டெட்லைன் போன வாரமேன்னாரு, நாலாவது ஆளுக்கு இப்படி ஒரு ஸ்காலர்ஷிப் இருக்கிறதே தெரியல. கடைசியில எங்க புரோகிராம் ஒருங்கிணைப்பாளர் மேடம்தான் செமஸ்டர் பாதியில ஆரம்பிக்கிற குறுகிய கோர்ஸ் ஒண்ணு, 1 கிரெடிட், அதுல சேத்துவிட்டாங்க. அது என்ன கோர்ஸ்னு கேக்காதீங்க. சரி, நூலகத்த எப்படி பயன்படுத்துறது. என் ஸ்காலர்ஷிப்ப காப்பாத்தினது அதுதான். ஒரு செமஸ்டர் கண்காணிப்புல வெச்சாங்க, அடுத்த முறை ஸ்டாட்டிஸ்டிக்ஸ திரும்ப எடுத்து பாஸ் பண்ணேன், சுமாரா.

எந்த கோர்ஸயும் விடுறதுக்கு முன்னாடி கிரெடிட்ட கூட்டிப் பாரு. ஆலோசகர்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க. ஸ்காலர்ஷிப் வாங்கினவ சந்தேகம் கேட்டா அசிங்கம்னு நெனச்சுட்டேன்.

2024 ஜூன் 23

இத எழுத ரெண்டு மாசமா தள்ளிப் போட்டுட்டு இருந்தேன். போன நவம்பர்ல ஒருத்தர் “உங்களுக்கு ஏற்கனவே கதை இருக்கு”ன்னு போட்டாரே, அதுக்கான பதில்னு வெச்சுக்கோங்க.

என் எஸ்ஸேல இருந்தது முழுக்க என் கதை இல்ல. குப்பைக் கிடங்குக்கு நேர் எதிர் வீட்டு அக்கா, அவங்க பையன், சின்னப் பையன், கொளுத்துற ராத்திரியெல்லாம் இருமிட்டே இருப்பான். எஸ்ஸே ஆரம்பமே அந்த இருமல்தான். சுவர் வழியா கேக்குதுன்னு எழுதியிருந்தேன். எங்க வீடு ரெண்டு தெரு தள்ளி, எந்த சுவர் வழியாவும் கேக்காது. அவங்ககிட்ட நான் கேக்கவும் இல்ல. அந்த இருமல வெச்சு நான் படிக்கிறேன்.

லீவுக்கு வந்தப்ப போய் சொல்லிட்டேன். எஸ்ஸேவ வாசிச்சும் காமிச்சேன், அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிச் சொல்லி. திட்டுவாங்கன்னு எதிர்பாத்தேன். முழுசா கேட்டுட்டு, “பையன் இருமினத எழுதினியே, நான் மூணு தடவ மனு குடுத்தத ஏன் எழுதல?”ன்னாங்க.

எனக்கு தெரியவே தெரியாது. மூணு மனு. உள்ள போய் ஒரு பிளாஸ்டிக் கவர எடுத்துட்டு வந்தாங்க, ஒவ்வொண்ணுலயும் தேதி, ஆபீஸ் முத்திரை. ஒரு மனுவுக்குக் கூட பதில் இல்ல. ஒரு தடவ கூட்டம்னு சொல்லி காலையில பத்து மணிக்கு வெச்சாங்களாம், அரை நாள் கூலிய விட்டுட்டு போனாங்களாம், கூட்டம் தள்ளி வெச்சாச்சுன்னு சொல்லிட்டாங்களாம். ரெண்டு வருஷமா கிளாஸ்ல பங்கீடு, முறை, அங்கீகாரம்னு நான் பக்கம் பக்கமா எழுதிட்டு இருக்கேன். அதோட ரெண்டாவதும் மூணாவதும் ரெண்டு தெரு தள்ளி ஒரு கவர்ல இருந்திருக்கு. நான் அந்த வீட்ல பாத்தது இருமல் மட்டும்தான்.

1991ல வாஷிங்டன்ல கூடி 17 கொள்கை எழுதினாங்களே, அந்தக் காலத்துலேர்ந்தே இந்த இயக்கத்துல திரும்பத் திரும்ப வர்ற பேச்சு எங்களுக்காக நாங்களே பேசுவோம்ங்கிறது. பரீட்சையில இத எழுதி முழு மார்க் வாங்கினவ நான்.

2024 ஜூன் 24

நிறைய பேர் ஆறுதல் சொல்லியிருக்கீங்க, தேவையில்ல, நான் ஒண்ணும் இடிஞ்சு போகல. ஒருத்தர் மட்டும் உருப்படியா கேட்டிருக்காரு, “அப்ப மத்தவங்கள பத்தி எழுதவே கூடாதா?” எழுதலாம். முதல்ல கேளு, எழுதினத காமி, அடையாளம் தெரியற விஷயத்த எடு, முக்கியமா அவங்க செஞ்சத எழுது. அவங்களுக்கு நடந்தது மட்டும் எழுதினா பாதி ஆள்தான் காகிதத்துல வருவாங்க.

ஸ்காலர்ஷிப்புக்கு பணம் குடுக்கிற டோனருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்வாங்களே, அதுலயும் இதே பேச்சுதான். என் முதல் கடிதம் படிச்சா நான் ஏதோ கிணத்துல விழுந்து அவங்க தூக்கி விட்ட மாதிரி இருக்கும். இந்த வருஷக் கடிதத்துல என்ன படிச்சேன், என்ன அளந்தேன், என்ன தப்பாச்சுன்னு எழுதினேன். பணம் குடுத்தவங்ககிட்ட இருந்து முதல் தடவையா பதில் வந்துச்சு, ரெண்டு கேள்வி கேட்டு.

2024 செப்டம்பர் 15

தங்கச்சி கிளாஸ் ஆரம்பிச்சுட்டா. சமூக வேலை மணிக்கணக்கு எப்படி வெச்சுக்கிறதுன்னு கேக்குறா. அன்னன்னிக்கு எழுது, அவ்வளவுதான். தேதி, எங்க, என்ன, எத்தன மணி, யார் இருந்தா. செமஸ்டர் கடைசியில உக்காந்து ஞாபகப்படுத்தி எழுதினா எல்லா நாளும் மூணு மணி நேரம்னு வரும், படிக்கிறவங்களுக்கு சிரிப்பா வரும். நான் அப்படி குடுத்து, “நீங்க மூணு மணி நேரத்துக்கு மேலயும் கீழயும் வேலையே செஞ்சதில்லையா?”ன்னு கேள்வி வாங்கினவ.

போட்டோ கணக்குல வராது. துடைப்பத்தோட நிக்கிற போட்டோ சத்தியமா வராது.

2024 நவம்பர் 10

காத்து அளக்குறது பத்தி கேட்டவருக்கு. பிஎம் 2.5ங்கிற ரொம்ப நுண்ணிய தூச அளக்குற விலை குறைஞ்ச சென்சார் வாங்கி கிடங்குக்கு எதிர் வீட்டு அக்கா ஜன்னல்லயும் எங்க வீட்டு ஜன்னல்லயும் மாட்டினோம். ரெண்டு விஷயம். காத்துல ஈரம் அதிகமா இருந்தா இந்த சென்சார் தண்ணித் துளியையும் தூசுன்னு நெனச்சு கூட்டிக் காட்டும், அதனால ஈரப்பதத்தயும் சேத்து குறிச்சுக்கணும். ரெண்டாவது, அளவுகோல். உலக சுகாதார அமைப்பு 2005ல வருஷ சராசரி ஒரு கன மீட்டர் காத்துக்கு 10 மைக்ரோகிராம்ன்னு வெச்சிருந்துச்சு, 2021 செப்டம்பர்ல அத 5 ஆக்கிட்டாங்க, ஒரு நாள் சராசரி 25ல இருந்து 15. நான் 2022ல புதுப்பிக்கிறதுக்கு குடுத்த ரிப்போர்ட்ல பழைய எஸ்ஸேல இருந்து அப்படியே 10ன்னு ஒட்டிட்டேன். சிவப்புல வட்டம் போட்டு திரும்பி வந்துச்சு. தன்கிட்ட இருந்தே காப்பி அடிக்கிறதும் காப்பிதான்.

சென்சார் வாங்க காசில்லன்னா பழைய வழி ஒண்ணு இருக்கு. 1995 வாக்குல கலிஃபோர்னியாவுல எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்துல இருந்தவங்க ஆரம்பிச்சது. பிளாஸ்டிக் வாளிக்குள்ள காத்து புடிக்கிற பை, நாத்தம் வர்ற நேரத்துல பைய நிரப்பி லேபுக்கு அனுப்புவாங்க. அது வாயுக்களுக்கு, தூசுக்கு இல்ல. லேப் செலவு தனி.

2025 ஜனவரி 25

ஒரு எச்சரிக்கை, இப்ப அப்ளை பண்றவங்களுக்கு. எஸ்ஸேல 1994 பிப்ரவரி 11ல அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் போட்ட 12898ம் எண் உத்தரவ எல்லாரும் எழுதுவோம், அரசாங்கத் துறைகள் எல்லாம் இந்தப் பாகுபாட்ட கணக்குல எடுக்கணும்னு சொன்னது. போன செவ்வாய், ஜனவரி 21ம் தேதி, அத ரத்து பண்ணிட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல இருந்தது. “இந்த உத்தரவு நடைமுறையில் உள்ளது”ன்னு எழுதி வெச்சிருந்தா மாத்துங்க.

அதுக்கு பதிலா 2022 ஜூலை 28ல ஐநா பொதுச் சபை, சுத்தமான சுற்றுச்சூழல் மனித உரிமைன்னு தீர்மானம் போட்டத எழுதலாமான்னு ஒருத்தர் கேக்குறாரு. எழுதலாம், ஆதரவு 161, எதிர்ப்பு யாரும் இல்ல, 8 நாடு ஒதுங்கிக்கிச்சு. ஆனா அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது, அதையும் சேத்து எழுதுங்க. இல்லன்னா இன்டர்வியூல மூக்குக் கண்ணாடி கழட்டப்படும்.

2025 ஜனவரி 26

பயந்து போய் “அப்ப ஸ்காலர்ஷிப்பே இருக்காதா”ன்னு கேக்குறவங்களுக்கு: பணம் எங்க இருந்து வருதுன்னு பாருங்க. தனியார் அறக்கட்டளையா, பழைய மாணவர் குடுத்த நிதியா, அரசு மானியமா. நிரந்தர நிதியில வட்டிய மட்டும் எடுத்துக் குடுக்கிறதுன்னா சுலபமா நின்னு போகாது. வருஷா வருஷம் மானியம் கேட்டு வாங்கிக் குடுக்கிறதுன்னா நின்னு போகலாம். எங்களோடது பேர மட்டும் மாத்திட்டாங்க, “நீதி” போய் “சமூக நலன்” வந்திருக்கு. பணம் அதே, ஃபார்ம் அதே. லெட்டர்ஹெட் புதுசு. என் ரிப்போர்ட்ல நான் பழைய பேரையே எழுதிட்டு இருக்கேன், இதுவரை யாரும் வட்டம் போடல.

2025 ஏப்ரல் 19

கடைசி செமஸ்டர், கடைசி ரிப்போர்ட். தங்கச்சி ஜிபிஏ என்னோடத விட மேல போயிடுச்சு, இங்க வந்து சொல்லிட்டுப் போயிருக்கா, பொறுக்கி.

அக்காவோட நாலாவது மனு போன மாசம் குடுத்தாச்சு. மூணு பழைய மனுவோட நகல், ஆறு மாச சென்சார் கணக்கு, மேப். எழுதினது அவங்க, நான் டைப் மட்டும்தான் பண்ணேன், நடுவுல “கனிவுடன் பரிசீலிக்க”ன்னு ஒரு வரி சேத்தேன், அடிக்கச் சொல்லிட்டாங்க. கூட்டத்த சாயங்காலம் வைக்கணும்னு முதல் வரியிலயே கேட்டிருக்காங்க. பதில் இன்னும் வரல.

சமூக வேலை ஷீட்ல மேற்பார்வையாளர் கையெழுத்து வேணும். இந்த முறை அக்காகிட்டதான் வாங்கினேன், எங்க ஒருங்கிணைப்பாளர் மேடம் சரின்னுட்டாங்க. அந்த சனிக்கிழமைக்கு நான் 9 மணி நேரம்னு போட்டிருந்தேன். அக்கா பேனாவ வாங்கி, கொஞ்ச நேரம் யோசிச்சு, 9ஐ அடிச்சுட்டு 7ன்னு போட்டாங்க. “மத்த ரெண்டு மணி நேரம் நாம கதைதானே அடிச்சிட்டு இருந்தோம்.”